வீட்டில் எழுதிய ஆடியோ சிடி பழைய பிளேயரில் ஒழுங்காக ஓட என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இதுதான்: வீட்டில் அப்பா வாங்கி வைத்த பழைய சிடி பிளேயர் இருக்கிறது. கடையில் வாங்கிய சிடிகள் எல்லாம் அதில் நன்றாக ஓடுகின்றன. கணினியில் நாமே எழுதிய சிடியைப் போட்டால் சிலவற்றுக்கு ‘நோ டிஸ்க்’ என்று காட்டுகிறது. சில சிடிகள் பாதி வரை ஓடிவிட்டு கடைசிப் பாட்டுகளில் திக்குகின்றன. அதே சிடி கணினியில் கடைசி வரை சுத்தமாக ஓடுகிறது. கோளாறு பிளேயரிலா, சிடியிலா?

பெரும்பாலும் சிடியில்தான், அதிலும் எழுதிய விதத்தில். கணினியில் ஓடுகிறது என்பதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணினியில் இருக்கும் டிரைவ் ஓர் இடத்தைப் படிக்க முடியாவிட்டால் வேகத்தைக் குறைத்துத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். பழைய வீட்டுப் பிளேயருக்கு அந்த அவகாசம் இல்லை. நொடிக்கு 75 செக்டர் (சிடியில் ஒலி பிரிந்திருக்கும் சின்னத் துண்டு) என்ற ஒரே வேகத்தில் அது படித்துக்கொண்டே போக வேண்டும். படிக்கும்போதே ஒலி வெளியே போய்க்கொண்டிருக்கிறது. முதல் தடவையில் பிடிபடவில்லை என்றால் அக்கம்பக்கத்து மதிப்பை வைத்து ஊகித்து நிரப்பும், அதுவும் முடியாவிட்டால் ஒலியை ஒரு கணம் அடக்கும், அதற்கும் மேலே போனால் தடம் தவறிக் குதிக்கும். காதுக்குத் திக்கலாகக் கேட்பது அதுதான்.

இன்னொரு விஷயமும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கடை சிடியில் பள்ளங்கள் பாலிகார்பனேட்டில் அச்சாகவே பதிந்திருக்கின்றன, மேலே அலுமினியப் பூச்சு. நாம் எழுதும் சிடி-ஆரில், அதாவது ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய காலி சிடியில், பள்ளம் கிடையாது. சாயப் பூச்சு ஒன்று இருக்கிறது. ரைட்டரின் லேசர் அதைச் சுட்டு, ஒளி குறைவாகத் திரும்பும் புள்ளிகளை உண்டாக்குகிறது. பிளேயர் அந்தப் புள்ளிகளைப் பள்ளம் என்று எடுத்துக்கொள்கிறது. கடை சிடி குறைந்தது 70 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது தர விதி. சிடி-ஆருக்கு 65. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம் வரைதான் திருப்பும். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து ஆடியோ சிடியின் தர விதிகளை எழுதியது 1980-இல். முதல் பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1982-இல். அப்போது சிடி-ஆர் என்பதே இல்லை. ஆரம்பகாலப் பிளேயர்கள் சிடி-ஆரைப் படிக்கின்றன என்றால் அது நல்ல பொருத்தம், அவ்வளவுதான். ஆர்டபிள்யூவை அவை படிக்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது. அதனால் முதலில் பாருங்கள்: உங்களிடம் ‘நோ டிஸ்க்’ காட்டுபவை ஆர்டபிள்யூவா? ஆம் என்றால் அங்கேயே தேடல் முடிந்தது.

அதற்கு அடுத்த சந்தேகம், அது உண்மையிலேயே ஆடியோ சிடிதானா என்பது. எம்பி3 கோப்புகளை இழுத்துப் போட்டு எழுதினால் கிடைப்பது டேட்டா சிடி. பழைய பிளேயருக்கு எம்பி3 என்றால் என்னவென்றே தெரியாது. சோதிக்க எளிய வழி: விண்டோஸில் சிடியைத் திறந்து பாருங்கள். ‘டிராக்01’, ‘டிராக்02’ என்று, சிடிஏ என்ற பின்னொட்டோடு வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரே ஒரு கிலோபைட் என்று காட்டினால் அது ஆடியோ சிடி. நீங்கள் வைத்த கோப்புப் பெயர்களே எம்பி3 என்ற பின்னொட்டோடு தெரிந்தால் அது டேட்டா. ஒரே தட்டில் நூறு பாட்டு ஏறியிருக்கிறது என்றால் திறந்து பார்க்கவே வேண்டாம். ஆடியோ சிடியில் எழுபத்தொன்பது எண்பது நிமிடத்துக்கு மேல் இடமே இல்லை. விண்டோஸ் மீடியா பிளேயரிலும் சரி, வேறு எந்த மென்பொருளிலும் சரி, ‘ஆடியோ சிடி’ என்ற தேர்வை நாமாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஆடியோ சிடிதான், ஆர்டபிள்யூவும் இல்லை, ஆனாலும் பிளேயர் அடையாளமே காணவில்லை என்றால், பெரும்பாலும் சிடி முடித்து மூடப்படவில்லை என்று அர்த்தம். ஃபைனலைஸ் செய்வது என்று மென்பொருளில் இருக்கும். தட்டின் உள்விளிம்பில் லீட்-இன் என்று ஒரு பகுதி உண்டு. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். மூடும்போதுதான் அது எழுதப்படுகிறது. எழுதிய டிரைவ், மூடாத சிடியையும் தற்காலிகக் குறிப்புகளை வைத்துப் படித்துவிடும், பிளேயர் படிக்காது. மூடாமல் விட்ட சிடியைத் தூக்கிப்போட வேண்டாம். இம்ஜ்பர்ன் போன்ற மென்பொருளில் பின்னாலும் மூட வழி இருக்கிறது. ‘இன்னும் இடம் இருக்கிறதே, அப்புறம் நாலு பாட்டு சேர்த்துக்கொள்ளலாம்’ என்று இரண்டு செஷனாக, அதாவது இரண்டு தவணையாக, எழுதுவதும் வேண்டாம். வீட்டுப் பிளேயர்கள் பொதுவாக முதல் செஷனோடு நின்றுவிடும்.

இனி எழுதும் முறை. டிஸ்க்-அட்-ஒன்ஸ், டிராக்-அட்-ஒன்ஸ் என்று இரண்டு உண்டு. முதலாவதில் லேசர் தொடக்கம் முதல் முடிவு வரை அணையாமல் ஒரே மூச்சில் எழுதுகிறது. இரண்டாவதில் ஒவ்வொரு பாட்டுக்கும் லேசர் அணைந்து மறுபடி எரிகிறது. அந்த ஒட்டு விழும் இடங்களில் சில பழைய பிளேயர்கள் தடுமாறும், சிலவற்றில் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். பாட்டுகளுக்கு நடுவே இரண்டு நொடி மௌனமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எப்போதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்றதைத் தேர்ந்தெடுக்க ஆடியோ சிடிக்கு ஒரு காரணமும் இல்லை.

கச்சேரிப் பதிவுகளை எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பழைய கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றிய ஒரு கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக், தனி ஆவர்த்தனம் அதற்கடுத்தது என்று பிரித்தால் தேடிக் கேட்க வசதி. ஆனால் ஒலி எங்கேயும் நிற்பதில்லை. தம்புரா ஓடிக்கொண்டிருக்கிறது, சபையின் கைதட்டல் ஒரு டிராக்கில் தொடங்கி அடுத்ததில் முடிகிறது. அங்கே இரண்டு நொடி வெட்டு விழுந்தால் கச்சேரியே உடைந்துபோகும். டிஸ்க்-அட்-ஒன்ஸில் இடைவெளியைப் பூஜ்யம் என்று வைத்தால் வெட்டு விழாது. கூடவே ஒரு நுணுக்கம்: சிடியில் ஒரு செக்டர் என்பது ஒவ்வொரு சேனலிலும் 588 சாம்பிள் (ஒலியின் ஒற்றை அளவீடு), அதாவது நொடியில் 75-இல் ஒரு பங்கு. நீங்கள் வெட்டிய டிராக் அந்த எல்லையில் முடியாவிட்டால் மிச்சத்தை மென்பொருள் மௌனத்தால் நிரப்பும். சன்னமாக ஒரு ‘டிக்’ கேட்கும். ஒலித் தொகுப்பு மென்பொருள்கள் சிலவற்றில் சிடி செக்டர் எல்லைக்கு ஒட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அது இல்லையென்றால் கச்சேரி முழுவதையும் ஒரே வேவ் கோப்பாக வைத்து, டிராக் தொடங்கும் நேரங்களை மட்டும் க்யூ கோப்பில் எழுதிக் கொடுங்கள். எனக்குப் பிடித்த வழி இரண்டாவதுதான். ஒலியைத் தொடவே வேண்டியதில்லை. எம்பி3யாக வெட்டி வைத்த துண்டுகளில் மட்டும் இதை எதிர்பார்க்காதீர்கள். எம்பி3 ஆக்கும்போதே கோப்பின் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடுகிறது.

கோப்புகளைப் பொறுத்தவரை வேறு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிடிக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. வீடியோவிலிருந்து எடுத்த ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கும், மென்பொருளே மாற்றிக்கொள்ளும்.

இப்போது கடைசிப் பாட்டுகளில் திக்கும் பிரச்சினைக்கு வருவோம். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். சிடி உள்ளிருந்து வெளியே ஓடுகிறது. கடைசிப் பாட்டுகள் வெளிவிளிம்பில் இருக்கின்றன. சிடி ஓரத்தில்தான் கைரேகை படுகிறது. தட்டு லேசாக வளைந்திருந்தாலும் ஆட்டம் ஓரத்தில்தான் அதிகம். மலிவான சிடியில் சாயப் பூச்சும் ஓரத்தில்தான் சீரில்லாமல் போகும். இத்தனைக்கும் மேலாக, 52 எக்ஸ் வேகத்தில், அதாவது பாட்டு ஓடும் வேகத்தின் 52 மடங்கில், எழுதும்போது தட்டு நிமிடத்துக்குச் சுமார் பத்தாயிரம் சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் எழுதும் டிரைவ் உள்ளே மெதுவாகத் தொடங்கி, ஓரத்துக்குப் போகப் போக எழுதும் வேகத்தைக் கூட்டுகிறது. அதாவது தட்டின் மோசமான பகுதியில் அதிவேகமாக எழுதுகிறது. புள்ளிகளின் விளிம்பு கூர்மையாக விழாமல் முன்னே பின்னே நகர்ந்துவிடுகிறது. நல்ல டிரைவ் சமாளிக்கும், பழைய பிளேயர் சமாளிக்காது.

அதனால் வேகத்தைக் குறையுங்கள். ஆனால் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று பலர் சொல்வது இன்றைய சிடிகளுக்குப் பொருந்தாது. 52 எக்ஸுக்கு என்று செய்த தட்டின் சாயம் குறுகிய, வலுவான லேசர் துடிப்புக்கு ஏற்றபடி இருக்கிறது. அதை 4 எக்ஸில் எழுதினால் சில டிரைவ்களில் முடிவு இன்னும் மோசமாகலாம். நான் சொல்வது 16 எக்ஸ். 24 வரை போகலாம். 16 எக்ஸ் வரை பெரும்பாலான டிரைவ்கள் உள்ளிருந்து வெளிவரை ஒரே சீரான வேகத்தில் எழுதும். எண்பது நிமிட சிடி ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது; அதற்கு மேல் அவசரப்பட வேண்டியதில்லை. உங்கள் டிரைவில் 16 இல்லை, 8 அல்லது 10 இருக்கிறது என்றால் இரண்டையும் எழுதிப் பார்த்து, பிளேயரில் எது நன்றாக ஓடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் ஒல்லி டிரைவை விட மேசைக் கணினியின் முழு அளவு டிரைவ் பொதுவாக நன்றாக எழுதும். கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

நீளத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். 74 நிமிடம்தான் ஆரம்பகால அளவு. எண்பது நிமிடத் தட்டில் அந்தக் கூடுதல் நேரம், சுருளை நெருக்கிச் சுற்றியதால் கிடைத்தது. தட்டு எண்பதாக இருந்தாலும் 72, 74 நிமிடத்தோடு நிறுத்தினால் ஓரத்தின் மோசமான பகுதி காலியாகவே இருக்கும். இரண்டு பாட்டு குறைந்தால் குறையட்டும். கடைகளில் முன்பு கிடைத்த 90, 99 நிமிட சிடிகள் தர விதிக்கே வெளியில் இருப்பவை. பழைய பிளேயருக்கு அவை ஆகாது.

எந்த சிடி வாங்குவது? உறையில் இருக்கும் பெயரை வைத்துச் சொல்வது கடினம், ஏனென்றால் ஒரே பெயரில் வெவ்வேறு தொழிற்சாலைத் தட்டுகள் வரும். ஒவ்வொரு காலி சிடியிலும் ஏடிஐபி என்று, தட்டைச் செய்தவர் யார் என்பதைக் காட்டும் ஒரு குறியீடு, பார்க்க நேரக் கணக்கு போல, முன்பே பதிந்திருக்கிறது. இம்ஜ்பர்னில் சிடியைப் போட்டால் வலப்பக்கத்தில் அதைக் காட்டும். உதாரணமாக 97 நிமிடம் 24 நொடி 01 ஃபிரேம் என்று வந்தால் அது ஜப்பானின் டையோ யூடன். சிடி-ஆரை முதலில் உருவாக்கிய நிறுவனம் அதுதான், 1988-இல். பழைய பிளேயர்களோடு நன்றாக ஒத்துப்போகும் தட்டு என்று பெயர் வாங்கியது. 2015 முடிவோடு அவர்கள் சிடி தொழிலை விட்டு விலகினார்கள். இந்தியாவில் நாம் அதிகம் பார்த்த மோசர் பேயர் நிறுவனமும் இன்று இல்லை. அதனால் இப்போது கிடைப்பதில் பத்துத் தட்டு உள்ள பொதி ஒன்றை வாங்கி, குறியீட்டைக் குறித்து வைத்து, சோதித்து, சரிப்பட்டால் அதே குறியீட்டில் மொத்தமாக வாங்குங்கள். எழுதுமுன் டிரைவ் அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் லேசரை எப்படித் துடிக்க விடுவது என்று முடிவு செய்கிறது. தன் நினைவில் இல்லாத குறியீடு வந்தால் பொதுவான ஒரு முறையைப் போட்டு எழுதிவிடும். ஒரே சிடி ஒருவர் டிரைவில் நன்றாகவும் இன்னொருவர் டிரைவில் மோசமாகவும் எழுதப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘மியூசிக் சிடி-ஆர்’ என்று கூடுதல் விலைக்கு விற்பது தனி ஆடியோ ரெக்கார்டர்களுக்கானது. அதில் ஓர் அடையாளக் குறி மட்டும் கூடுதல். கணினியில் எழுத அது தேவையில்லை, ஒலியும் மேம்படாது.

எழுதிய பிறகு செய்யும் தவறுகளும் உண்டு. மேலே வட்டக் காகித லேபிள் ஒட்டுவது அதில் முதலாவது. இம்மி மையம் விலகினாலும் தட்டு ஆடும். நம் ஊர் ஈரக் காற்றில் காகிதம் உப்பித் தட்டையே வளைக்கும். உரிக்கப் போனால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். அடிப்பக்கம்தான் மென்மையானது என்று எல்லாரும் நினைக்கிறோம். அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமான பாலிகார்பனேட் காவல் இருக்கிறது. எழுத்துப் பக்கத்திலோ உலோகப் பூச்சும் சாயமும் மெல்லிய அரக்குப் படலம் ஒன்றுக்கு அடியிலேயே இருக்கின்றன. அங்கே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் சேதம் நிரந்தரம். சிடிக்கென்றே விற்கும் மென்முனை மார்க்கரால் எழுதுங்கள். இன்னும் பத்திரம் வேண்டுமானால் நடுவில் கண்ணாடி போலத் தெரியும் வளையத்தில் ஓர் எண் போட்டு, விவரத்தை உறையில் எழுதிக்கொள்ளலாம்.

துடைக்கும்போது மையத்திலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். சிடியின் பிழைதிருத்தம், தடத்தின் நீளத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை சேதமானாலும் முழுதாக மீட்டுவிடும். தடத்தைக் குறுக்கே வெட்டும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியைத்தான் கெடுக்கும், அதனால் தப்பிக்கலாம். வட்டமாகத் துடைத்து வட்டமாகக் கீறல் விழுந்தால் அது தடத்தோடு சேர்ந்தே ஓடி மொத்தமாகக் கெடுத்துவிடும். வெயில் இன்னொரு எதிரி. சாயம் ஒளியில் வெளுக்கும். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு கோடை முழுக்கக் கிடந்த சிடி-ஆரை நம்ப வேண்டாம். காருக்குத் தனிப் பிரதி எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழில் பாட்டுப் பெயர் தெரிய வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். சிடி-டெக்ஸ்ட் என்ற வசதி ஐரோப்பிய எழுத்துகளையும் ஜப்பானிய எழுத்துகளையும் மனதில் வைத்து அமைந்தது. தமிழ் எழுத்துக்கு அதில் இடமில்லை. கோப்பின் தமிழ்ப் பெயர் தானாக அதில் போய் உட்கார்ந்தால் திரையில் கேள்விக்குறியும் குப்பையும்தான் வரும். ரோமன் எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள், அல்லது அந்தத் தேர்வையே எடுத்துவிடுங்கள். பழைய பிளேயருக்கு எழுதும்போது நான் எடுத்துவிடவே சொல்வேன்.

பிளேயரையும் ஒரு முறை சோதித்துவிடுவது நியாயம். எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும் கடை சிடி ஒன்றைப் போட்டு, கடைசி டிராக்கை மட்டும் கேளுங்கள். அதுவும் திக்கினால் பிளேயரில் வேலை இருக்கிறது. லென்ஸில் தூசிப் படலம் இருக்கலாம், அல்லது லேசர் தலை நகரும் தண்டில் பழைய கிரீஸ் காய்ந்து ஓரத்துக்குப் போகும்போது சிக்கலாம். மின்னிணைப்பை எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் லென்ஸை வருடிவிட்டால் போதும். லென்ஸ் மெல்லிய தாங்கிகளில் மிதந்துகொண்டிருக்கிறது, அழுத்தவே கூடாது. மூடியைத் திறந்து வைத்து ஓட விட்டு உள்ளே எட்டிப் பார்க்கவும் வேண்டாம். 780 நானோமீட்டர் லேசர் கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். லேசர் தலையின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பினால் சிடி-ஆர் ஓடும் என்று சிலர் சொல்வார்கள். ஓடலாம். அது லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டுகிற திருகு. லேசரின் ஆயுள் வெகுவாகக் குறைந்துவிடும். பழைய பிளேயருக்கு மாற்று லேசர் தலை கிடைப்பது வரவர அரிதாகிறது, அதனால் அளவுமானி வைத்திருக்கும் மெக்கானிக் கையில் மட்டும் அந்தத் திருகை விடுங்கள். டிவிடி பிளேயரை மாற்றாக யோசித்தால், 90-களின் கடைசியில் வந்த முதல் மாடல்களைத் தவிர்த்துவிடுங்கள். டிவிடிக்கான சிவப்பு லேசரில் சிடி-ஆரின் சாயம் சரியாகத் தெரியாது. சிடிக்கெனத் தனி லேசர் வைக்காத அந்த மாடல்கள் சிடி-ஆரைப் படிக்கவே மாட்டா.

இப்போது உங்கள் கையில் திக்கிக்கொண்டிருக்கும் சிடிகளுக்கு என்ன வழி? அவை கணினியில் இன்னும் ஓடுகின்றன என்றீர்களே, அந்த நிலை இருக்கும்போதே எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில் பாதுகாப்பு முறையில் வேவ் கோப்புகளாக எடுத்து வன்தட்டில் வையுங்கள். ஒவ்வொரு இடத்தையும் அது திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். சந்தேகமான இடங்களை நேரத்தோடு சொல்லும். மூலக் கேசட்டோ கோப்போ இல்லாத சிடிகளை முதலில் எடுங்கள். அப்புறம் அவற்றை 16 எக்ஸில், டிஸ்க்-அட்-ஒன்ஸில், 74 நிமிடத்துக்குள் ஒரே ஒரு தட்டில் எழுதி, பிளேயரில் கடைசி டிராக்கின் கடைசி நிமிடத்தைப் போட்டுக் கேளுங்கள். அது சுத்தமாக வந்தால் மீதியையும் அதே அமைப்பில் எழுதிவிடலாம்.